ஒரு ராத்திரி பொறுக்காத பனிவீடு

மோல்செல்வ்,
23 ஜனவரி 1976

அன்புத் தங்கை குத்ரூனுக்கு,

நானும் உன் அண்ணி போர்கில்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். உனக்கும் தோரிலுக்கும் சளி விட்டதா? கப்பலிலிருந்து மாப்பிள்ளை ஏதாவது எழுதினாரா?

நவம்பரில் போன சூரியன் இந்த வாரம்தான் மலை விளிம்பில் தலை காட்டினான். அதைக் கொண்டாட உன் அண்ணி பன் சுட்டாள். நான் தின்ற கணக்கை அவளிடம் கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி குளிர்கால விடுமுறைக்குத் தோரிலை இங்கே அனுப்பு. உங்கள் பெர்கனில் வருஷம் முழுக்க மழைதானே, பாவம் அந்தப் பிள்ளை ஒழுங்கான பனியைப் பார்த்திருக்கிறாளா? ஒன்பது வயசில் பனிவீட்டுக்குள் உட்கார்ந்து கோக்கோ குடிக்காதவள் நார்வேக்காரியா? பின்முற்றத்தில் அவளுக்கு ஒரு வீடு கட்டித் தருகிறேன்.

நீ பயந்து சாவாய் என்று தெரியும். அண்ணன் யார்? மலை மீட்புக் குழுவுக்குப் பனிப்பாடம் எடுக்கிறவன். பனியை ஆள் உயரத்துக்குக் குவிக்க வேண்டும். குவித்ததை ஒரு ராத்திரி சும்மா விட வேண்டும், அப்போதுதான் துகளுக்குத் துகள் ஒட்டிக்கொண்டு இறுகும். மறுநாள் ஒரே நீளக் குச்சிகளை வெளியிலிருந்து சுற்றிலும் குத்திவிட்டு, உள்ளேயிருந்து தோண்டும்போது குச்சி முனை தெரிந்ததும் கையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சுவர் மெலிந்துவிடும். மூச்சுக்கு மேலே ஓட்டை. ஒருத்தர் தோண்டினால் இன்னொருத்தர் பனி அள்ளும் ஷவலோடு வெளியே நிற்க வேண்டும். அவசரப்பட்டவனுக்குப் பனி அங்கேயே குழி வெட்டும் என்று நான் சொன்னால் வகுப்பே வாயை மூடிக்கொள்ளும், தெரியுமா?

பக்கத்து வீட்டுப் பெத்ரா மட்டும்தான் இந்த ஊரில் என்னை நம்பாதவள். "ஹல்வருக்கு வாய்தான் ஷவல்" என்கிறாள். அவளும் பார்க்கட்டும்.

பிள்ளைக்கு என் முத்தம்.

உன் அண்ணன்,
ஹல்வர்

*

பெர்கன்,
1 பிப்ரவரி 1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

சளி விட்டுடுச்சு, மழை விடல. அவர்கிட்டயிருந்து ரியோவுலேர்ந்து ஒரு அட்டை வந்தது, வெயில் தாங்கலயாம். கேக்கவே வயிறெரியுது.

தோரில் உன் கடிதத்தைப் பிடுங்கிட்டுப் போய்த் தலையணைக்குக் கீழ வெச்சுக்கிட்டா. "மாமா எனக்கு வீடு கட்டுறார்"னு வகுப்பு முழுக்கத் தம்பட்டம். அனுப்பி வைக்கிறேன். விமானத்துல பணிப்பெண் பார்த்துக்குவாங்களாம், நீ நேரத்துக்கு வந்து நில்லு.

ஒரே ஒரு விஷயம் அண்ணா. அவ கொஞ்சம் பூசினாப்ல ஆயிருக்கா. பள்ளிக்கூடத்துல பசங்க "குண்டம்மா, பலகை உடையப் போவுது"ன்னு கேலி பண்ணி, இலையுதிர்காலம் பூரா அழுதா. இப்பதான் மறந்திருக்கா. உன் வாய் எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம், விளையாட்டுக்குக்கூட. அண்ணிகிட்டயும் சொல்லி வை.

மத்தபடி நீ இருக்கும்போது எனக்கு என்ன பயம்? நீ பாத்துக்குவே.

அண்ணிக்கு என் அன்பு. முழங்கால் வலிக்கு என்ன பண்றா?

உன்,
குத்ரூன்

*

மோல்செல்வ்,
25 பிப்ரவரி 1976

அன்பு குத்ரூனுக்கு,

எல்லாரும் சுகம். தோரில் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். பணிப்பெண் கையில் ஒப்படைத்துவிட்டு விமானம் கிளம்பும்வரை நின்றேன்.

ஒரு வாரமும் ஓட்டம்தான். பனிச்சறுக்கு, வாஃபிள், பழுப்புப் பாலாடைக்கட்டி, சீட்டாட்டம். உன் அண்ணி அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறாள், கை கொஞ்சம் நீளமாகிவிட்டது, வளரும் பிள்ளைதானே. இங்கே குளிர் குறைந்து இப்போது பனி ஈரமாகிக் கிடக்கிறது. ஆற்றங்கரையில் மூஸ் மான் ஒன்று குட்டியோடு நின்றதைத் தோரில்தான் முதலில் பார்த்தாள்.

பனிவீடு கட்டினோம். ரொம்ப நாள் நிற்கவில்லை. வானிலை அப்படி.

அண்ணி முழங்காலுக்கு ஆட்டுக்கம்பளி சுற்றிக்கொண்டு நடமாடுகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹல்வர்

*

பெர்கன்,
8 மார்ச் 1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்க ரெண்டு பேரும் சௌக்கியமா? நான் சௌக்கியம். தோரில் சௌக்கியமான்னு எனக்குத் தெரியல. அதான் எழுதறேன்.

வந்ததுலேர்ந்து அவ சரியா சாப்பிடறதில்ல. மொதல்ல பயணக் களைப்புன்னு நெனச்சேன். இப்ப மூணாவது வாரம் ஓடுது. வாஃபிள் சுட்டா தட்டைத் தள்ளி வெச்சுட்டு "போதும்மா, நான் கனம்"ங்கறா. மாரித்னு ஒரு சிநேகிதி இருக்கா, அவ வீட்டுல அடுக்குக் கட்டில்ல எப்பவும் இவதான் மேல படுப்பா. இப்ப மாட்டேங்கறா. "கீழ மாரித் இருக்காளே, நான் விழுந்தா?"ன்னு கேட்டாளாம். மாடிப்படியில ஓரமா, சுவத்தை ஒட்டி ஏறுறா அண்ணா, ஏதோ படியெல்லாம் கண்ணாடி மாதிரி.

அங்க யாராச்சும் அவளை ஏதாச்சும் சொன்னீங்களா? கேட்டா "ஒண்ணுமில்ல, மாமா ரொம்ப நல்லவர்"ங்கறா.

உங்க ஊர்க் கடைக்குப் போன் போட்டு உன்னைக் கூப்பிடச் சொல்லலாம்னு பார்த்தேன். அங்க மாவு வாங்க நிக்கறவங்க காதெல்லாம் நம்ம பக்கம் நீளுமேன்னு விட்டுட்டேன். சீக்கிரம் பதில் போடு.

குத்ரூன்

*

மோல்செல்வ்,
17 மார்ச் 1976

அன்பு குத்ரூனுக்கு,

கடிதம் கிடைத்தது. உடனே எழுத முடியவில்லை, ஈஸ்டருக்கு முன்னால் மீட்புக் குழுவில் வேலை இடுப்பை ஒடிக்கிறது. நகரத்து ஜனம் மொத்தமும் மலைக்கு வந்துவிடும், பாதிப் பேருக்குத் திசைகாட்டியில் எந்தப் பக்கம் வடக்கு என்று தெரியாது. இந்த வருஷம் இரண்டு வகுப்பு சேர்த்து எடுக்கிறேன். நான் வேலை செய்யும் மர மில்லில் வேறு ரம்பம் பழுது.

பிள்ளைகள் அப்படித்தான். ஒரு பருவத்தில் சாப்பிடாது, மறு பருவத்தில் வீட்டையே தின்னும். மீன் எண்ணெய் கொடு. யாரும் அவளை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, போர்கில்ட் மேல் ஆணை.

ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, சொல்லும் அளவுக்குப் பெரிசில்லை என்றுதான் விட்டேன். பனிவீடு கொஞ்சம் அமுங்கிவிட்டது. நான் உள்ளே இருந்தேன், தோரில் மேலே ஏறி விளையாடிக்கொண்டிருந்தாள். யாருக்கும் காயமில்லை. அம்மா வீணாகப் பயப்படுவாள், சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். அதை மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. மறந்துவிடுவாள்.

ஹல்வர்

*

பெர்கன்,
25 மார்ச் 1976

அன்புள்ள அண்ணா,

நல்லா இருக்கியா? நிஜமா கேக்கறேன், உடம்பெல்லாம் சரியா இருக்கா?

உன் கடிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு அவளை உட்கார வெச்சுக் கேட்டேன். உடைஞ்சுட்டா. ஒரு மணி நேரம் என் மடியில அழுதா. நீ உள்ள தோண்டிக்கிட்டு இருந்தியாம். இவ மேல ஏறிக் கொடி நட்டுட்டு, சந்தோஷத்துல ஒரு தடவை குதிச்சாளாம். அப்படியே எல்லாம் உள்வாங்கிடுச்சாம். வெளிய உன் பூட்ஸ் ரெண்டு மட்டும்தான் தெரிஞ்சுதாம். "நான் கனமா இருந்ததால மாமா செத்துப் போயிருப்பார்மா, நான் மாமாவைக் கொன்னிருப்பேன்"னு சொல்றா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

கொஞ்சம் அமுங்கிச்சுன்னு எழுதறியே, பூட்ஸ் மட்டும் வெளிய இருந்தா அதுக்குப் பேர் அமுங்கறதா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறியா? என்னைக் கலவரப்படுத்தக் கூடாதுன்னுதான் மறைச்சிருக்கே, தெரியுது. இவளையும் காட்டிக் கொடுக்கல. உன் பெரிய மனசு.

நான் அவளைத் திட்டினேன். வேற என்ன செய்ய? ஆள் உள்ள இருக்கும்போது மேல ஏறிக் குதிக்கலாமா, அறிவு வேண்டாமான்னு கத்திட்டேன். தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டா. அவளுக்காக நான் மன்னிப்புக் கேக்கறேன் அண்ணா. உனக்கு ஏதாவது ஆகியிருந்தா அண்ணி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

"இல்லடா கண்ணு, பரவாயில்ல"ன்னு அவளுக்கு ரெண்டு வரி எழுது. நீ சொன்னா கேப்பா.

குத்ரூன்

*

மோல்செல்வ்,
9 ஏப்ரல் 1976

அன்புள்ள குத்ரூன்,

உங்க அண்ணன் எழுதுவாருன்னு ரெண்டு வாரமா பார்த்தேன். காகிதத்தை எடுத்து வெக்கிறார், பேனாவைத் திறக்கிறார், எழுந்து போய் விறகு பிளக்கிறார். அடுத்த குளிர்காலத்துக்கும் சேர்த்து விறகு ஆயாச்சு. அதனால நான் எழுதறேன். என் முழங்கால் தேவலை.

குழந்தையைத் திட்டாதே. இதை மட்டும் கேளு.

அன்னைக்கு நான் சமையலறையில இருந்தேன். தோரில் கத்தின கத்துல நானும் பக்கத்து வீட்டுப் பெத்ராவும் ஒரே நேரத்துல முற்றத்துக்கு ஓடினோம். அந்தப் புள்ள அவர் பூட்ஸ் பக்கத்துல மண்டி போட்டுக் கையாலயே தோண்டிக்கிட்டு இருந்தா. ஷவல் அவரோட உள்ள மாட்டிக்கிச்சு. கையுறை எங்கயோ கழண்டு போய், விரலெல்லாம் ரத்தமா சிவந்து, "மாமா கேக்குதா, மாமா கேக்குதா"ன்னு விடாம பேசிக்கிட்டே தோண்டினா. நாங்க போறதுக்குள்ள இடுப்பு வரைக்கும் வெளிய கொண்டுவந்துட்டா. அவ இல்லைன்னா நான் இன்னைக்குத் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தியிருப்பேன்.

மிச்சம் அவர் சொல்ல வேண்டியது. மலைக்குப் போற ஊர்க்காரன் ஒவ்வொருத்தன்கிட்டயும் "பாதியில திரும்பி வர்றதுல வெட்கமில்ல"ன்னு பாடம் சொல்றவர் இவர். ஒரு வார்த்தையிலேர்ந்து திரும்பி வர அவரால முடியல. ஈஸ்டர் முடியறதுக்குள்ள நீங்க நடந்ததை எழுதலைன்னா நானே எழுதிடுவேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன். எழுந்து விறகுக்கொட்டாய்க்குப் போயிட்டார்.

தோரிலுக்கு என் ஆசை முத்தம். ஸ்வெட்டர் கையை மடிச்சு விடு.

அண்ணி,
போர்கில்ட்

*

பெர்கன்,
20 ஏப்ரல் 1976

அன்புள்ள ஹல்வர் மாமாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? தலைவலி இல்லையே?

மாமா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. ஈஸ்டருக்கு மாரித் வீட்டுக்காரங்களோட வோஸ் மலைக்குப் போனேன். அவங்க மரக்குடில் பின்னாடி மாரித்தோட அம்மா பனிவீடு கட்டினாங்க. நான் கிட்டவே போகல. ஆரஞ்சு சாப்பிட்டுக்கிட்டுக் குடில் படியிலயே உக்காந்திருந்தேன்.

சாயங்காலம் பனி குவிச்சு முடிச்சதும் மாரித் தோண்டலாம்னு ஓடினா. அவங்க அம்மா அவ காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. இன்னைக்கே தோண்டினா மேல ஒரு காக்கா உக்காந்தாகூட விழுந்துடுமாம். ஒரு ராத்திரி விட்டாத்தான் இறுகுமாம். காலைல சுத்தி குச்சியெல்லாம் குத்தி, மத்தியானம் வரைக்கும் தோண்டினாங்க. அப்புறம் எல்லாரும் மேல ஏறினாங்க. மாரித்தோட அப்பாகூட ஏறினார், அவர் ரொம்ப ரொம்ப குண்டு. விழவே இல்ல! கடைசில நானும் ஏறினேன். மொதல்ல உக்காந்துக்கிட்டு. அப்புறம் நின்னேன். அப்புறம் குதிச்சேன் மாமா.

நாம காலைல குவிச்சோம்ல, நீங்க மதியம் சாப்பிட்ட உடனே தோண்ட ஆரம்பிச்சீங்க. குச்சியும் குத்தல. அதனாலதான். என்னால இல்ல. உங்களாலயும் இல்ல, ஏன்னா உங்களுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருப்பீங்க.

நீங்க வெட்கப்படாதீங்க. எல்லாருக்கும் எல்லாம் தெரியாதுன்னு எங்க டீச்சர் சொல்வாங்க. உங்ககிட்ட படிக்கிறவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். பெத்ரா அத்தைகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க அடுத்த வகுப்புல இதையும் சேர்த்து சொல்லிக் குடுத்துடுங்க.

அன்புடன்,
தோரில்

*

பெர்கன்,
20 ஏப்ரல் 1976

அண்ணா,

அவ உறையை ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். இந்தச் சீட்டை உள்ள சொருகினது அவளுக்குத் தெரியாது.

உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். பனி, குச்சி, ராத்திரி எல்லாம் ஜனவரியில எனக்கே பாடம் எடுத்தவன் நீ. அவ தலையணைக்குக் கீழ வெச்ச கடிதத்தை எடுத்து நான் ஒளிச்சு வெச்சிருக்கேன். அன்னைக்கு அவ அதுல "மாமா வீடு கட்டுறார்"ங்கற வரியை மட்டும்தான் படிச்சிருக்கா.

ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு, மானம் போற பயத்துல பழியை ஒரு சின்னப் புள்ள தலையில போட்டியே அண்ணா! நீ போட்டதை நானும் நம்பி, அவளை நிக்க வெச்சுத் திட்டினேன். மன்னிப்பு வேற கேட்டேன் உன்கிட்ட. எழுதும்போதே எனக்கு உடம்பு கூசுது. அவ விரலைப் பத்தி அண்ணி எழுதினதைப் படிச்ச ராத்திரி நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

உனக்குத் தெரியாதுன்னே அவ நெனச்சுக்கட்டும்னு விட்டாலும் விடலாம். அவளுக்குக் கனம் இறங்கிடுச்சு, நீயும் நல்ல மாமாவாவே இருந்துட்டுப் போகலாம். உன் இஷ்டம். நான் சொல்ல மாட்டேன்.

குத்ரூன்

*

மோல்செல்வ்,
6 மே 1976

என் செல்லத் தோரிலுக்கு,

உன் மாமா உயிரோடு இருக்கிறேன், தலைவலி இல்லை. நீ கேட்டதால் சொல்கிறேன். அத்தையும் நலம்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். ஒன்றில் "ஆமாம் கண்ணு, மாமாவுக்குத் தெரியாமல் போச்சு" என்றுகூட எழுதினேன். உறையில் போட்டு, முகவரியும் எழுதி, தபால்காரர் வரும் பாதை வரைக்கும் கொண்டு போனேன். அங்கேயே நின்று கிழித்தேன்.

எனக்குத் தெரியும் தோரில்.

ஒரு ராத்திரி விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். குச்சி தெரியும், வெளியே ஷவலோடு பெரிய ஆள் ஒருத்தர் நிற்க வேண்டும் என்பதும் தெரியும். மாரித்தின் அம்மா சொன்ன எல்லாவற்றையும் பத்து வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் பெத்ராவும் ஊரார் நாலு பேரும் காபிக்கு வருவதாக இருந்தது. அவர்கள் வரும்போது வீடு முடிந்து, மேலே கொடி பறக்க வேண்டும் என்று எனக்கு வீம்பு. எனக்கெல்லாம் அந்த விதி வேண்டியதில்லை, கையே சொல்லிவிடும் என்று ஒரு திமிர். கொடியை எடுத்துக்கொண்டு மேலே ஏறு என்று உன்னை அனுப்பினதும் நான்தான். நீயாக ஏறவில்லை.

உள்ளே கிடந்தபோது எனக்கு உன் குரல் கேட்டது. நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். கேட்டது கண்ணு. ஒவ்வொரு தடவையும் கேட்டது.

வெளியே வந்ததும் நான் முதலில் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பெத்ரா எதிரே நின்றாள். "எப்படி ஹல்வர் விழுந்துது?" என்று கேட்டாள். வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு, "இவ மேல குதிச்சுட்டா" என்றேன். உன் விரலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். நீ கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாய். அதன் பிறகு அம்மாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன். உன் நல்லதுக்கு இல்லை. என் மானத்துக்கு. நீ சாப்பாட்டைத் தள்ளி வைத்தபோதும் தெரிந்துகொண்டேதான் மீன் எண்ணெய் கொடுக்கச் சொல்லி எழுதினேன்.

பனி இறங்கியது என்னால். நீ பஞ்சு மாதிரி இருந்திருந்தாலும் இறங்கியிருக்கும்.

பெத்ரா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் கேலி செய்வாள் என்று தயாராகப் போனேன். "உள்ளே வா, குளிருது" என்றாள், அவ்வளவுதான். வியாழக்கிழமை குழுவிடமும் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பாடம் எடுப்பதை வேறொருத்தரிடம் விட்டுவிட்டேன். அங்கே சொன்னது பெரிய காரியம் இல்லை, அவர்கள் வளர்ந்தவர்கள். உனக்கு எழுதத்தான் இத்தனை நாள். ஒன்பது வயசுப் பிள்ளையிடம் இவ்வளவு பயம் எனக்கு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நீ என்னை ரொம்ப நல்லவன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உன் மாமா,
ஹல்வர்

*

பெர்கன்,
16 மே 1976

மாமாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அம்மாவும் நல்லா இருக்கா. நீங்க நல்லா இருக்கீங்களான்னு இந்தத் தடவை நான் கேக்கல.

உங்க கடிதத்தை நான் மூணு தடவை படிச்சேன். மொதல்ல எனக்குப் புரியல. அம்மா படிச்சுட்டு அழுதா. நான் அழல.

உங்களுக்குத் தெரிஞ்சிருந்துதா? நான் ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு இருந்தேன், உங்களுக்குத் தெரிஞ்சிருந்துதா? நான் உங்களுக்கு "வெட்கப்படாதீங்க"ன்னு எழுதினேன்ல, அதை நான் திருப்பி எடுத்துக்கிறேன். நீங்க படணும்.

எனக்கு ரொம்ப கோபமா இருக்கு மாமா. யார்கிட்டயும் இவ்ளோ கோபம் எனக்கு வந்ததில்ல. நாளைக்கு மே பதினேழு, தேச நாள் ஊர்வலத்துல எங்க வகுப்புக்கு நான்தான் பெரிய கொடி தூக்கிட்டுப் போறேன். அதுக்குப் பலமான ஆள் வேணும்னு டீச்சர் என்னைக் கூப்பிட்டாங்க. நான் சரின்னுட்டேன். ஆனா அதைப் பத்தி உங்களுக்கு நிறைய எழுத மாட்டேன், ஏன்னா கோபமா இருக்கேன்.

இப்ப சாப்பிடப் போறேன். கோபமா இருந்தா பயங்கரமா பசிக்குது.

தோரில்